கம்பிக்குத் தேய்த்த எண்ணெய்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் கலங்குவது என் வயிறுதான். மிக்ஸி நின்றுபோனால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஏன், தெருவிளக்கு எரியாவிட்டால்கூட, நேற்று நான் எதையாவது தொட்டேனா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். என் மகன் சிரிப்பான். வெளியூர் கிளம்பினால் கேஸ் மூடியிருக்கிறதா என்று நாலு முறை திரும்பி வந்து பார்க்கிறவள் என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறான். சொல்லட்டும். ஒரு முறை நான் ஒன்றைத் தொட்டதால் என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கே அது சரியாகத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட். அதற்குள் நைனாவின் சீஓடூ மெஷின். வெல்டிங் மெஷின்தான், ஆனால் குச்சி வைத்து அடிக்கிற சாதாரண மெஷின் இல்லை. இதில் பெரிய நூல்கண்டு மாதிரி ஒரு சக்கரத்தில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கையில் துப்பாக்கி மாதிரி பிடிக்கிற பாகத்துக்கு டார்ச் என்று பெயர். அதன் விசையை அழுத்தினால், இரண்டு சின்ன ரோலர்கள் அந்தக் கம்பியைக் கவ்வி இழுத்து, நீளமான ரப்பர் குழாய்க்குள் தள்ளிவிடும். கம்பி அந்தப் பக்கம் செம்பு மூக்கு வழியாக வெளியே வந்து, உருகி, இரும்போடு இரும்பை ஒட்டும். பக்கத்திலிருக்கும் சிலிண்டரிலிருந்து வாயு வந்து அதைக் காக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சத்தம் எண்ணெயில் வடை வேகிற மாதிரி வரவேண்டும் என்பார் நைனா. வாயைத் திறந்து அவர் பாராட்டுகிற ஒரே பலகாரம் அதுதான்.

மெஷின் பழசு. மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமானோடு வந்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்த சாம்பல் நிறமும் உரிந்து, அடுத்து என்ன நிறம் வருமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

நைனா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியில் பதினாறு வருஷம் வெல்டராக இருந்தவர். அந்த வருஷம் சித்திரையில் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்தார். "சூப்பர்வைசரு பேச்ச எவன் கேட்டுகினு கெடப்பான்" என்று காரணம் சொன்னார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அத்தையின் வீட்டுக்காரருக்கு மட்டும் பெருமையாக இல்லை. அவர் ஆவடியில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்து, காக்கிச் சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அது வீட்டு ஆணியில் தொங்கியது. நைனா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கமாட்டார்.

காக்கியைப் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஆட்டோவுக்கு சீட் செய்கிற கம்பெனி ஒன்று, சீட்டின் இரும்புச் சட்டங்களை வெளியே கொடுத்து வெல்டிங் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஓர் ஆபீசர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஷெட்டுக்கு வருவார். அவர் கண்ணெதிரே நாலு சட்டம் அடித்துக் காட்டவேண்டும். திருப்தியானால் வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை நைனா காக்கியை மாட்டிக்கொண்டு ஆவடி பஸ் ஏறவேண்டும். அம்மா இதை எனக்குச் சொன்ன விதத்தில் தப்ப இடமே இல்லை.

கார்த்திகை மாத மழை. ஏரி நிறைந்து, ஷெட்டின் தரையெல்லாம் ஓதம். புதன்கிழமை சித்தப்பா அந்தக் கம்பிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, கம்பி மேல துரு பூத்துகினு கீது. துரு புட்சா உள்ள ஓடாது பாத்துக்க" என்றார். சித்தப்பா நைனாவின் தம்பி. ஷெட்டில் அவரும் வேலை செய்தார். சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் தூங்கவில்லை.

மழைக்காலத்தில் அம்மா அரிவாள்மனைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைப்பாள். எண்ணெய் இருந்தால் துரு அண்டாது. மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைப் பழந்துணியில் நனைத்து அந்தச் சக்கரத்தின் மேல்சுற்றுக் கம்பி முழுவதையும் துடைத்துவிட்டேன். துணி பழுப்பாக வந்தது. கம்பி பளபளவென்று ஆனது. குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நைனா உள்ளே போய் மெஷினின் மூடியைத் திறந்து, ரோலரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டினார். நாளைக்கு ஆபீசர் வரும் வரை யாரும் இதில் கை வைக்கக் கூடாது, எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் 'யாரும்' என்று சொன்னது என்னைத்தான் என்று தோன்றிவிட்டது. அப்போது ஆரம்பித்தது வயிற்றுவலி.

வெள்ளிக்கிழமை காலை அந்த வலியையே காரணமாகச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். நான் ஷெட் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பது மணிக்கு நைனா ஒரு துண்டுத் தகட்டில் வைத்து விசையை அழுத்தினார். வடை வேகவில்லை. டப் என்று ஒரு வெடி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி டப், டப். அப்புறம் கம்பி வெளியே வருவது நின்று, வந்த கம்பியும் உருகி செம்பு மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த மூக்குக்கு டிப்பு என்று பெயர். ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டவேண்டியதுதான். டப்பாவில் மூன்று டிப்பு மிச்சம் இருந்தது.

"டிப்பு தேஞ்சிருக்கும்ணா" என்றார் சித்தப்பா. புதிது மாட்டினார்கள். அதே டப் டப். அதுவும் ஒட்டிக்கொண்டது. பாக்கி இரண்டு.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கரண்டு கம்மியா என்று பல்பைப் பார்த்தார்கள்; பல்பு நன்றாகத்தான் எரிந்தது. கம்பிச் சக்கரம் இறுகிப்போய் சுழல மறுக்கிறதா என்று அதன் நடுவிலிருந்த நட்டைத் தளர்த்தினார்கள். விரலால் தட்டினாலே சுழன்றது. டார்ச்சின் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று அதை வாசல் வரைக்கும் நேராக இழுத்துத் தரையில் போட்டார்கள். நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அதையும் நான்தான் மிதித்தேன் என்று ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு காரணமும் இல்லை என்று ஆக ஆக, மிச்சமிருந்த காரணம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேறு ஏதாவது பழுதாக இருக்கட்டும், பெரிய பழுதாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியபின்தான் அதுவும் எவ்வளவு பாவம் என்று உறைத்து, அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா குழாய்க்குள்ளிருந்து லைனரை உருவினார். கம்பி ஓடுவதற்காக உள்ளே இருக்கிற நீளமான ஸ்பிரிங் அது. தரையில் தட்டினால் செம்மண் மாதிரி துருத்தூள் கொட்டியது.

"மாட்டிகினான்டா திருடன்" என்றார் சித்தப்பா.

மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, துடைத்து மாட்டினார்கள். எனக்கு உயிர் வந்தது. விசையை அழுத்தினார் நைனா. டப். டப். டப். மூன்றாவது டிப்பும் போய், டப்பாவில் ஒன்றே ஒன்று கிடந்தது.

சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "ரோலர ஒருவாட்டி பாக்கலாமாண்ணா" என்றார்.

"ரோலரு நேத்து நானே கய்வி மாட்னேன். அதுல ஒண்ணுமில்ல."

"இல்ல, சும்மா ஒரு..."

"ஒண்ணுமில்லன்றேன்ல. எனுக்கே ரோலரு சொல்லிக் குடுக்க வந்துட்ட நீ."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டார். லைனர் உள்ளுக்குள் தேய்ந்திருக்கும், புதுசு வாங்கி, டிப்பும் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடி கடைவீதிப் பக்கம் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "ஒன் வவுத்துவலி தேவல. உங்க நைனாவுக்குத்தான் இப்ப ஓமத்தண்ணி குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது மணி பதினொன்றரை.

நைனாவும் நானும்தான். அவர் ரொம்ப நேரம் மெஷின்மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு ரோலரை அழுத்திப் பிடித்திருந்த மெஷினின் இரும்புக் கையை மேலே தூக்கிவிட்டு, டார்ச் முனையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் குறடால் பிடித்து இழுத்தார். அது வெண்ணெயில் நூல் வருகிற மாதிரி வந்தது. மறுபடி இழுத்தார். வந்தது.

"கையால இய்த்தா வருது. மோட்டாரு இய்த்தா வர்ல" என்றார். என்னிடம் இல்லை, மெஷினிடம். "அப்ப லைனரு இல்ல. சக்கரம் இல்ல. ரோலரு கிட்டதான் கம்பி வயுக்குது."

வழுக்குகிறது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்தால் வழுக்காமல் என்ன செய்யும்.

அவர் கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினார். விரலை மூக்குக்கருகே கொண்டுபோனார். என் பக்கம் திரும்பாமலேயே, "இன்னா வாசனடா இது" என்றார்.

சொல்லிவிட்டேன். அரிவாள்மனையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். காக்கிச் சட்டையைப் பற்றியும் சொன்னேன், அது எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"எண்ண தேச்ச செரி. தல வாரி, பூ வெச்சி வுட்டியா?"

நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பழுது என்னவென்று தெரிந்துவிட்டது, அது என் பழுதாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எண்ணெய் பட்ட மேல்சுற்றுக் கம்பியை எல்லாம் உருவி வெட்டி எறிந்தோம். ஷெட் முழுக்கக் கம்பி சுருள் சுருளாகக் கிடந்தது. ரோலரைக் கழற்றாமலேயே பெட்ரோல் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். எண்ணெய் படாத புதுக் கம்பியைக் கோத்து, கடைசி டிப்பை மாட்டாமலேயே விசையை அழுத்தினார். டிப்பை வீணாக்காமல் கம்பி மட்டும் ஓடுகிறதா என்று பார்க்க.

மோட்டார் உறுமியது. கம்பி வரவில்லை. ஒரு விரற்கடை வந்தது, நின்றது. துள்ளி ஒரு விரற்கடை. நின்றது.

ரோலரை அழுத்துகிற திருகை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். அதே கதி. நைனாவின் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபமாக மாறியிருந்தால் எனக்குப் பழக்கம். இது வேறு. கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகம் அது. அவர் குனிந்து, மூக்கு ரோலரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் நின்றார். மறுபடி முகர்ந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். இன்னும் எண்ணெய் வாசனை இருக்கிறதா என்று பயந்தேன்.

வீட்டுக்குள் போய் மணி பார்த்து வரச் சொன்னார். இரண்டேகால்.

"பேட்டரி லைட்ட எடுத்தா" என்றார். எடுத்து வந்தேன். "இங்க வா. ரோலரு மேல அடி. இன்னா தெரியுதோ அத அப்டியே சொல்லு. நீயா எதுவும் சேத்துக்காத."

நான் குனிந்து பார்த்தேன். ரோலர் பெரிய காசு அளவுதான் இருந்தது. அவர் விசையை அழுத்தினார். ரோலர் சுற்றியது. கம்பி அசையாமல் கிடந்தது.

"கம்பி பள்ளத்துக்குள்ள படுத்துகினு கீது நைனா."

"படுத்துகினுன்னா?"

"ரெண்டு பக்கமும் எடம் கீது. மேல இருக்கற ரோலரு கம்பி மேல சரியா படல. பள்ளம் பெருசு, கம்பி சின்னது."

அவர் விசையை விட்டுவிட்டார். "ரோலரு பக்கத்துல நம்பர் அடிச்சிருக்கும். பாத்து சொல்லு."

கடுகளவு எழுத்து. பெட்ரோல் பட்ட இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. "ஒண்ணு புள்ளி ரெண்டு."

"திருப்பிச் சொல்லு."

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"கம்பிச் சக்கரத்துல ஒட்டியிருக்கற காய்தத்துல?"

"புள்ளி எட்டு."

நைனா கீழே உட்கார்ந்துவிட்டார். அந்த ரோலரில் இரண்டு பள்ளம் இருக்கிறது, ஒரு பக்கம் தடித்த கம்பிக்கு, ஒரு பக்கம் மெல்லிய கம்பிக்கு, திருப்பிப் போட்டால் மாறிவிடும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "நேத்து நான்தான மாட்னேன்" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். ரோலர் ஏன் அப்படித் திரும்பியது என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் திருப்பி மாட்டினால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைக்கிற பிள்ளை நான்.

திருகைக் கழற்றி ரோலரை இழுத்ததும், ரோலரை அச்சோடு பிடித்து வைக்கிற ஒரு சின்ன இரும்புத் துண்டு எகிறி விழுந்தது. அரிசி அளவுதான் இருக்கும். அது இல்லாமல் ரோலர் சுற்றாது. ஓதம் ஏறிய தரையில், வெட்டி எறிந்த கம்பிச் சுருள்களுக்கு நடுவில், அது எங்கே போனதென்று தெரியவில்லை. நைனா முட்டி போட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போனார். கண்ணால் தேடாமல் கையால் தேடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நான் விளக்கைத் தரையோடு படுக்க வைத்து அடித்தேன். எல்லாக் கம்பியும் மின்னியது. மின்னாமல் ஒரு புள்ளி மட்டும் இருந்தது, அதன் நிழல் அதைவிட நீளமாக விழுந்திருந்தது.

எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, என் விரலையும் சேர்த்து ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார்.

ரோலரைத் திருப்பி அச்சில் மாட்டி, "இந்த இடுக்குல நீயே வெச்சி அமுக்கு" என்றார். வைத்தேன். "நம்பர் பாரு." பார்த்தேன். புள்ளி எட்டு. கடைசி டிப்பை மாட்டினார். தகட்டின் மேல் வைத்து அழுத்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன்.

வடை வெந்தது.

அது அடங்குவதற்குள் வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆபீசர் ஒல்லியாக இருந்தார். பாண்ட் காலை மடித்துவிட்டுக்கொண்டு, சேற்றைத் தாண்டி உள்ளே வந்து, தரையில் கிடந்த கம்பிகளைப் பார்த்தார். "இன்னாப்பா, கம்பி அறுவடையா?" என்றார். நைனா சிரித்தார். நான் மூலையில் கிடந்த என் எண்ணெய்த் துணியை எடுத்துப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இரண்டு சட்டம் நன்றாகப் போனது. மூன்றாவதில், நைனா முகமூடியை இறக்குவதற்கு முன்னால் டார்ச்சை மூலையில் வைத்தபோது, அது சட்டத்தின் இரண்டு இரும்புக் குழாய்களும் சேருகிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. நான் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சொல்லலாமா கூடாதா. ஆபீசர் எதிரில் அப்பாவுக்குப் புத்தி சொல்கிற பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காக்கி.

"இன்னும் கொஞ்சம் இந்தாண்ட" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவருக்குக் கேட்டது. நகர்த்தினார். முகமூடி இறங்கியது. நாலாவது சட்டத்தில், அவரே டார்ச்சை வைத்துவிட்டு, என் குரலுக்காக நின்றார். "செரியா கீது" என்றேன். அப்புறம்தான் அழுத்தினார்.

ஆபீசர் சுத்தியால் தட்டினார், வளைத்துப் பார்த்தார், ஒவ்வொரு மூலையிலும் நகத்தால் சுரண்டினார். ஃபைலில் ஏதோ எழுதி மூடிவிட்டு, "திங்கக்கெழமை காலைல வண்டில பைப்பு வரும். எறக்கி வெச்சுக்கோங்க" என்றார். கிளம்பும்போதுதான் என்னைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு ஸ்கூல் இல்லியா?"

"இன்னிக்கி ஒரு நாள் மட்டும் சார்" என்றார் நைனா.

சித்தப்பா புது லைனரும் டிப்புகளும் வாங்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது மணி நாலரை. வேலை கிடைத்துவிட்டது என்றதும் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"கோளாறு இன்னாண்ணா? லைனர்தான?"

நைனா கம்பிச் சுருள்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இவ கம்பிக்கு எண்ண தேச்சி வுட்டுகீறா. அதான் வயுக்கிகினு இருந்திச்சி."

சித்தப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. "கம்பிக்கு பேனு புடிச்சிடிச்சாடி?" என்றார். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கூட்டிக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே கூட்டிய இடத்தையே.

சாயங்காலம் அம்மா வந்ததும் சித்தப்பா அவளிடம் சொன்னார். தலைக்கே எண்ணெய் இல்லாத வீட்டில் இரும்புக்கு எண்ணெயா என்று முதுகில் ஒன்று வைத்தாள். நைனா தடுக்கவில்லை. ரோலரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறக்கத் தோன்றவில்லை. எண்ணெய் தேய்த்தது உண்மைதானே. ரோலரும் காரணம், எண்ணெயும் காரணம் போலிருக்கிறது, நைனா பெரிய காரணத்தைச் சொல்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில் அந்தக் கதை வந்துவிடும். கம்பிக்கு எண்ணெய் தேய்த்தவள். என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கும்போது ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்கள்.

நைனா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றுதான் சித்தப்பா என்னிடம் சொன்னார். கம்பெனியில் வெல்டர்களுக்கு வருஷா வருஷம் கண் சோதனை உண்டாம். சுவரில் மாட்டிய எழுத்துகளைத் தூரத்திலிருந்து வாசிக்கவேண்டும். நைனா இரண்டு வருஷம், வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிறவர்கள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டிருக்கிறார். மூன்றாவது வருஷம் அந்த அட்டையை மாற்றிவிட்டார்கள். அன்று அவர் வரிசையில் முதல் ஆள். பழைய அட்டையைக் கணீரென்று கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பித்தாராம். சூப்பர்வைசர் பாவம், முழுசையும் கேட்டுக்கொண்டாராம்.

"எனுக்கு அப்பால தெரியும்" என்றார் சித்தப்பா. "ஒங்க அம்மாவுக்கும் தெரியும். வெளிய தெரிஞ்சா எவன் வேல குடுப்பான்? ஒனக்கும் தெரியும்னுதான் நாங்க நெனச்சிகினு இருந்தோம்."

எனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை நிச்சயமாகத் தெரியாது. முந்தின நாள் அம்மா காக்கிச் சட்டையைக் கிழித்து, கம்பி துடைக்கிற துணியாக ஷெட்டில் போட்டிருந்தாள். காலையில் பைப்பு வண்டி வந்து போனது. நான் சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த வாரம் அரைப்பரீட்சை. இரண்டு நாளாக நைனா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எண்ணெய்க்கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஷெட்டைத் தாண்டும்போது நடையைக் குறைத்தேன்.

"பாப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் வந்து இந்த நம்பர பாத்து சொல்லிட்டுப் போ."

மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பையைக் கழற்றி சிலிண்டரின் தலையில் மாட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.